ஒரே ஒரு பாலிசிதாரர் பேசினால் மருத்துவக் காப்பீட்டு விதி மாறுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். திண்டுக்கல் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறீர்கள். அம்மாவுக்கு 64 வயது, 3 லட்ச ரூபாய் பாலிசி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு 2,10,000 ரூபாய் பில் ஆனது. காப்பீட்டு நிறுவனம் 1,26,000 மட்டும் கொடுத்துவிட்டு 84,000 ரூபாயைக் கழித்துக்கொண்டது. பாலிசியில் ரூம் வாடகை நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான், அம்மா இருந்த ரூம் 5,000 என்பது அவர்கள் சொன்ன காரணம். அதோடு இந்த முறை புதுப்பிக்கும்போது பிரீமியம் 22,000-லிருந்து 29,500 ஆகிவிட்டது. கடைசியில் எழுதியிருந்தீர்கள்: “எனக்குப் பணம் திரும்பி வந்தால் மட்டும் போதாது, இந்த விதியே மாற வேண்டும். ஆனால் எந்தப் பின்புலமும் இல்லாத நான் பேசினால் யார் காதில் விழும்?”

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பணத்தை எப்படி வாங்குவது என்பது ஒன்று, விதியை மாற்றச் சொல்லி யாரிடம் எப்படிப் பேசுவது என்பது மற்றொன்று. உங்கள் மனதில் இருப்பது இரண்டாவதுதான் என்று புரிகிறது. ஆனாலும் முதல் கேள்வியைக் காகிதத்தோடு ஒழுங்காக முடித்தவர்களின் பேச்சுதான் இரண்டாவது இடத்தில் எடுபடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கிளைம்களைப் பரிசீலிக்கும் ஒரு டிபிஏ-வில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் பதினோரு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க். இப்போது திருச்சியில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, கிளைம் மறுக்கப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் பாலிசிப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. எனவே உங்கள் கிளைம் ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. விதி என்ன சொல்கிறது, அது எப்படி மாறிவந்தது, இதை மட்டும் நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

டிபிஏ-வில் இருந்தபோது உங்கள் அம்மாவுக்கு நடந்த அதே கழிவை நான் நூற்றுக்கணக்கான பேருக்குச் செய்திருக்கிறேன். ரூம் வாடகை வரம்பு 3,000, எடுத்த ரூம் 5,000 என்றால் விகிதம் 60 சதவீதம். அந்த 60 சதவீதத்தை மொத்த பில்லுக்கும் போடுவோம். ரூமுக்கு மட்டும் இல்லை, மருந்துக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, ஸ்கேனுக்கு, உடம்புக்குள் வைத்த கருவிக்கு, எல்லாவற்றுக்கும். ஒருநாள் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “நான் எந்த ரூம்ல படுத்தாலும் மாத்திரை விலை ஒண்ணுதானே தம்பி? அதுல ஏன் குறைச்சீங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விதி அப்படி என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. ரூம் உயர உயர டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் உயரும் மருத்துவமனைகள் உண்டு. அங்கே அந்தக் கட்டணங்களில் விகிதம் போடுவதற்கு ஒரு காரணம் சொல்லலாம். மாத்திரைக்கு எந்தக் காரணமும் இல்லை.

பிறகு 2020-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதையே விதியாக எழுதியது. விகிதக் கழிவை, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் மாதிரி ரூமைப் பொறுத்து மாறக்கூடிய ‘சார்ந்த மருத்துவச் செலவுகள்’ (associated medical expenses) மீது மட்டும்தான் போடலாம். மருந்துகள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் இவை அந்தக் கணக்கில் வரக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் விகிதம் போடக்கூடாது. எந்த ரூமாக இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் இந்த விகிதக் கழிவே கூடாது. மில் தொழிலாளி கேட்ட கேள்வி ஆறேழு வருடம் கழித்து விதி மொழியில் வந்து நின்றது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அவர் கேட்டதால்தான் வந்தது என்று சொல்லவில்லை. அதே கேள்வியை நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர் மனுவாக எழுதியிருப்பார்கள், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்கள் முன்னால் சொல்லியிருப்பார்கள்.

இப்போது உங்கள் பில்லை இந்த விதிப்படி போட்டுப் பார்ப்போம். நீங்கள் கொடுத்த பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நான்கு நாள் ரூம் வாடகை 20,000. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 85,000. மருந்தும் பொருட்களும் 40,000. மூட்டுக் கருவி 50,000. பரிசோதனைகள் 15,000. ரூம் வாடகையில் 12,000 கிடைக்கும். 85,000-ல் 60 சதவீதம் 51,000. மற்ற மூன்றும் முழுசாக 1,05,000. ஆக 1,68,000 வரவேண்டும். அவர்கள் கொடுத்தது 1,26,000. மொத்த பில்லிலும் 60 சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்பது கணக்கிலேயே தெரிகிறது. பொருட்களில் கையுறை, டயப்பர் மாதிரி பாலிசியிலேயே விலக்கப்பட்ட சில அயிட்டங்கள் இருக்கலாம், அதைக் கழித்தாலும் 40,000 ரூபாய் அளவுக்கு உங்களுக்குக் கேட்க உரிமை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. 84,000 முழுவதையும் கேட்காதீர்கள். கேட்க முடிந்த 42,000-ஐ வரி வரியாகக் கணக்குக் காட்டிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2024-ல் ஆணையம் பழைய சுற்றறிக்கைகள் பலவற்றைத் திரும்பப் பெற்று ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அதனால் ‘2020 சுற்றறிக்கை’ என்று மட்டும் எழுதி வாதாடாதீர்கள். உங்கள் பாலிசிப் புத்தகத்தின் வரையறைப் பகுதியில் ‘சார்ந்த மருத்துவச் செலவுகள்’ என்பதற்கு என்ன பொருள் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பாலிசிகளில் மருந்து, கருவி, பரிசோதனை இவை விலக்கு என்று தெளிவாகவே இருக்கும். உங்கள் வாதத்தை அந்த வரியின் மேல் கட்டுங்கள். நிறுவனம் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட வரியை அவர்களால் மறுக்க முடியாது.

விதி மாற வேண்டும் என்கிறீர்கள் அல்லவா? உங்கள் பிரச்சினையில் விதி பாதிக்கு மேல் ஏற்கெனவே மாறிவிட்டது. மாறின விதி திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனை கவுன்டர் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டில் இதுதான் பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து. புது விதி கேட்பதை விட, இருக்கிற விதியை நடைமுறைக்கு இழுத்து வருவதில்தான் சாதாரண ஆளின் குரலுக்கு அதிக பலம் இருக்கிறது.

மனநல சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21-ஆம் பிரிவில் சொன்னது. 2018 ஆகஸ்டில் ஐஆர்டிஏஐ எல்லா நிறுவனங்களுக்கும் அதை வலியுறுத்தி உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் டெல்லியில் ஒரு பெண்ணின் கிளைம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை, உயர் நீதிமன்றம் போனார். 2021 ஏப்ரலில் அவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சட்டம் வந்து நான்கு வருடம் கழித்து, ஒரு தனி மனுஷி வழக்குப் போட்டதால் அது உயிர் பெற்றது. 

டிஸ்சார்ஜ் விஷயமும் இப்படித்தான். காலை பத்து மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுப்பார். காப்பீட்டு ஒப்புதல் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். அதுவரை நோயாளி கட்டிலிலும், வீட்டார் என் டெஸ்க் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பார்கள். பல நாள் இன்னொரு நாள் வாடகையும் சேர்ந்துவிடும். 2024 மே மாதம் ஆணையம் வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கை இதற்குக் கெடு வைத்தது. கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் வசதி கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் நேரத்தில் இறுதி ஒப்புதல் மூன்று மணி நேரத்தில். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால் அதை நிறுவனம் தன் பங்குதாரர் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். அதன் பிறகும் தாமதம் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் “கோரிக்கை அனுப்பின நேரம் இது, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, கூடுதல் வாடகை உங்கள் பொறுப்பு” என்று ஒரு மின்னஞ்சல் தட்டின குடும்பங்களுக்கு அடுத்த அரை மணியில் ஒப்புதல் வந்ததை என் கண்ணால் பல தடவை பார்த்தேன். விதி தெரிந்தவர் எழுத்தில் கேட்கும்போது நகர்கிறது.

சரி, விதியே மாறின கதைகளுக்கு வருகிறேன். 2010 ஜூலையில் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மும்பை, டெல்லி, சென்னை, பெங்களூரு நகரங்களின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் கேஷ்லெஸ் வசதியை ஒரே நாளில் நிறுத்தின. மருத்துவமனைகள் கட்டணத்தைக் கூட்டி வாங்குகின்றன என்பது அவர்கள் தரப்பு. நடுவில் மாட்டிக்கொண்டது பாலிசிதாரர். மும்பையில் ஒரு பாலிசிதாரர் இதை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். வழக்கு நடந்த காலத்திலேயே ஆணையம் மருத்துவக் காப்பீட்டுக்கென்று தனி ஒழுங்குமுறைகளை வரைந்து 2013 பிப்ரவரியில் அறிவித்தது. ஒருமுறை கிளைம் செய்ததற்காகப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது, வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் உறுதியானது. அந்த வழக்கு மட்டும்தான் காரணமா என்றால், நிரூபிக்க முடியாது. அழுத்தம் கொடுத்தவற்றில் அது ஒன்று என்று சொல்வதுதான் நேர்மை.

காப்பீட்டுக்கு வெளியே, ஆனால் உங்கள் அம்மாவின் பில்லுக்குள் இருக்கிற ஒரு விஷயம். இதய ஸ்டென்ட் விலை பல இடங்களில் லட்சத்தைத் தாண்டி விற்ற காலத்தில், டெல்லியில் ஒரு வழக்கறிஞர் பொதுநல வழக்குப் போட்டார். 2016-ல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 என்று தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. அதே வருடம் ஆகஸ்டில் மூட்டுக் கருவிகளுக்கும் வரம்பு வந்தது. அதிகம் பயன்படுத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த வரம்பு, வரி நீங்கலாக 54,720 ரூபாய். உங்கள் பில்லில் மூட்டுக் கருவி 50,000-த்தில் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

மூன்றாவது கதை சமீபத்தியது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு அதைக் குறைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது, ஒன்றும் நடக்கவில்லை. நாக்பூரில் எல்ஐசி ஊழியர் சங்கம் அந்தத் தொகுதியின் எம்.பி.யான மத்திய அமைச்சர் நிதின் கட்கரியிடம் ஒரு மனு கொடுத்தது. அவர் அந்த மனுவைச் சுட்டிக்காட்டி 2024 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வெளியே வந்தது, ஆகஸ்டில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்ற வளாகத்தில் போராடின, செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் அமைச்சர்கள் குழு அமைத்தது, டிசம்பரில் முடிவு தள்ளிப்போனது. 2025 செப்டம்பர் 3-ல் 56-வது கூட்டத்தில் வரியை நீக்க முடிவெடுத்தார்கள், 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அரசியல் கணக்குகள் பல சேர்ந்த முடிவு அது. ஆனாலும் அதன் தொடக்கத்தில் ஒரு ஊரில் சிலர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு இருந்தது என்பது பதிவான உண்மை. வேலை பார்க்கும் நிறுவனங்கள் மூலமாக எடுக்கும் குழுக் காப்பீட்டுக்கு வரி இன்னும் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இந்த மூன்றையும் பார்த்தால், பேசினவர்கள் யாரும் ‘காப்பீட்டு நிறுவனங்கள் கொள்ளை அடிக்கின்றன’ என்று பொதுவாகப் பேசவில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்தார்கள்: நிறுத்தப்பட்ட கேஷ்லெஸ், ஒரு கருவியின் விலை, ஒரு வரி. அதை முடிவு செய்யும் அதிகாரம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் பதிவில் ரூம் வாடகை, பிரீமியம், மருத்துவமனைக் கட்டணம், ஏஜென்ட் சொல்லாமல் விட்டது, நான்கும் கலந்திருக்கின்றன. கோபம் நியாயமானது. ஆனால் நான்கையும் ஒரே மனுவில் எழுதினால் படிக்கிறவர் நான்கையும் தன் வேலை இல்லை என்று ஒதுக்கிவிட வழி கிடைக்கும்.

ஏனென்றால் கதவுகள் வேறு வேறு. பாலிசி வாசகம், கிளைம் விதி, பிரீமியம் உயர்வு இவை ஐதராபாத்தில் இருக்கும் ஐஆர்டிஏஐ கையில். வரி, ஜிஎஸ்டி கவுன்சில் கையில். மருத்துவமனை 5,000 ரூபாய் ரூமுக்கு டாக்டர் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டுவதை ஐஆர்டிஏஐ-யால் தடுக்க முடியாது, மருத்துவமனைகள் அதன் அதிகாரத்துக்குள் வராது. அது மாநில அரசின் விஷயம். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது, ஆனால் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவது இன்னும் தீராத பிரச்சினை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம், மருத்துவ நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2012 விதிகளில் சொன்ன கட்டண வரையறை எங்கே என்று கேட்டது. என்னைக் கேட்டால், காப்பீட்டுச் சீர்திருத்தத்தில் இனி நடக்க வேண்டிய பெரிய வேலை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கட்டணத்துக்கு ஒரு கட்டுப்பாடு இல்லாமல் காப்பீட்டு விதியை மட்டும் எவ்வளவு திருத்தினாலும், நிறுவனம் அந்தச் சுமையைப் பிரீமியத்தில் ஏற்றி உங்களிடமே வாங்கிவிடும்.

ஐஆர்டிஏஐ-யிடம் விதி மாற்றம் கேட்க ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. ஒழுங்குமுறை எதையும் மாற்றுவதற்கு முன் வரைவை இணையதளத்தில் போட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். சில வாரம்தான் அவகாசம். ஒரு அட்டவணை மாதிரி கேட்பார்கள்: எந்த விதி எண், இப்போது உள்ள வாசகம், நீங்கள் சொல்லும் வாசகம், காரணம். நிறுவனங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், பக்கம் பக்கமாக அனுப்புவார்கள். பாலிசிதாரர் தரப்பிலிருந்து போவது மிகக் குறைவு. நீங்கள் ஆசிரியர், ஒரு வாக்கியத்தைத் திருத்தி எழுதுவது உங்கள் தினசரி வேலை. ‘ரூம் வாடகை வரம்பைத் தாண்டினால், தாண்டின வாடகையை மட்டும் கழிக்க வேண்டும், வேறு எந்தச் செலவிலும் விகிதம் போடக்கூடாது’ என்று ஒரு வரி எழுதி, கீழே அம்மாவின் பில் கணக்கை வைத்தால், அது நல்ல கருத்துரை. பெயர், பாலிசி எண்ணை மறைத்துவிட்டு வையுங்கள். ஐஆர்டிஏஐ சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் ஒரு காப்பீட்டு ஆலோசனைக் குழு உண்டு, நுகர்வோர் பிரதிநிதிக்கும் அதில் இடம் இருக்கிறது, ஒழுங்குமுறைகள் அந்தக் குழுவைக் கலந்துதான் வரும். அந்த நுகர்வோர் பிரதிநிதிக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். உங்கள் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கேள்வி கேட்கலாம். அவருக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதலாமா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. எழுதலாம். குறை தீர்க்கக் கேட்டு மத்திய, மாநில அதிகாரி யாருக்கும் நாட்டில் புழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்க அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நடைமுறையில் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கத்தையும் சேர்த்து வைத்தால் வேகமாக நகரும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதேபோல, பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை உள்ளூர் மொழியில் கேட்டால் நிறுவனம் கொடுக்க வேண்டும். அம்மா பெயரில் தமிழில் கேளுங்கள். ரூம் வாடகை வரம்பு அதில் தமிழில் இருந்திருந்தால் அம்மாவே 3,000 ரூபாய் ரூமைக் கேட்டிருப்பார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் டெஸ்கிலேயே அதை முதல் நாள் சொல்லியிருக்க வேண்டிய எத்தனையோ குடும்பங்கள் ஞாபகம் வந்தன.

இன்னொன்று, தனியாகப் போகாதீர்கள். உங்கள் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளிகளிலும் பெற்றோருக்குத் தனியாகப் பாலிசி எடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் இதே மாதிரி மொத்த பில்லிலும் விகிதம் போடப்பட்டவர்கள் நான்கைந்து பேர் கிடைத்தாலே போதும். ஒரு பில் என்றால் நிறுவனம் ‘கணக்கில் நேர்ந்த தவறு’ என்று சொல்லித் திருத்திக் கொடுத்துவிடும். ஐந்து பில் என்றால் அவர்கள் மென்பொருளே தவறாகப் போடுகிறது என்று காட்டலாம். ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான். 2023-24-ல் நாடு முழுக்க 2.69 கோடி மருத்துவக் கிளைம்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது, தொகை 83,493 கோடி ரூபாய். அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரு மென்பொருள் தவறு எத்தனை வீடுகளைத் தொடும் என்று யோசித்துப் பாருங்கள். ஆணையம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. 10 ரூபாய் கட்டணத்தில், விகிதக் கழிவு குறித்து எத்தனை புகார்கள் வந்தன, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்கலாம். அந்தப் பதிலும் உங்கள் மனுவோடு சேரும்.

உங்கள் சொந்தக் கிளைமுக்கான வழியை வேகமாகச் சொல்கிறேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில், வரி வரியான கணக்குடன். கூடவே ஐஆர்டிஏஐ-யின் புகார்த் தளமான பீமா பரோசாவில் பதிவு, அல்லது 155255 எண்ணில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது, திருப்தி இல்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார், அந்த வரிசையைக் குழப்பாதீர்கள். தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாவிட்டால் நிறுவனம் உங்களுக்கு நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதும் 2024-ல் வந்தது.

பிரீமியம் பற்றி. 60 வயதைத் தாண்டினவர்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்திருக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. உங்கள் அம்மாவுக்கு ஏறினது 34 சதவீதம். இதை உடனே விதிமீறல் என்று எழுதிவிட வேண்டாம். அடிப்படை விலை எவ்வளவு ஏறியது, வயது அடுக்கு மாறியதால் எவ்வளவு, ஆணையத்தைக் கலந்தார்களா, இந்த மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு புதுப்பித்திருந்தால் ரசீதில் ஜிஎஸ்டி வரி பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பதில் கையில் வந்த பிறகுதான் இது புகாரா இல்லையா என்று முடிவு செய்ய முடியும்.

எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைச் சொல்லவில்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். மருந்துக்கும் கருவிக்கும் விகிதம் போட்டது பாலிசி வரையறைக்கு விரோதமாக இருந்தால் குறைதீர்ப்பாளரிடம் உங்கள் பக்கம் வலுவானது, இது உறுதி. 85,000 ரூபாய்ப் பகுதியில் கழித்த 34,000-ஐத் திரும்பப் பெறுவது, அந்த மருத்துவமனை ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாற்றுகிறதா என்பதைப் பொறுத்தது. மாற்றவில்லை என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் அதையும் கேட்கலாம். மருத்துவமனை அந்தக் கடிதத்தைத் தருமா என்பது சந்தேகம்தான், கேட்டுப் பாருங்கள். ரூம் வாடகை வரம்பையே ஒழிக்கும் விதி வருமா என்றால், இரண்டு மூன்று வருடத்துக்குள் எதிர்பார்க்காதீர்கள். வரம்பு இல்லாத பாலிசிகள் சந்தையில் இருக்கின்றன, பிரீமியம் கூடுதல், ‘வேண்டுமானால் அதை எடுக்கலாமே’ என்று நிறுவனங்கள் சொல்லும். வயதான பிறகு, நோய் வந்த பிறகு அதற்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பதுதான் அதற்கு நீங்கள் வைக்க வேண்டிய பதில், அம்மாவின் வயதோடும் பிரீமியத்தோடும்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை போதும். கிளைம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரத் தாளை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பாலிசிப் புத்தகத்தில் அந்த வரையறை உள்ள பக்கத்தைப் போட்டோ எடுங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு அந்த இரண்டையும் இங்கே போட்டால், மனுவில் எந்த வரி எப்படி வர வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.